பிள்ளைப்பேறும் மார்பகப் புற்றுநோயும்: முரண்படும் இரண்டு செய்திகளும் உண்மையாக இருப்பது எப்படி?

குழந்தை பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வோ, பிரசவத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாய்ப்பு கூடுதலாகவே இருக்கிறது என்று காட்டியது. இரண்டையும் படித்தவர்கள் குழம்பிப்போவதில் வியப்பில்லை. ஆனால் இரண்டும் சரியே. ஒன்று அறுபது வயதைப் பற்றிப் பேசுகிறது, இன்னொன்று நாற்பது வயதைப் பற்றி. செய்தித் தலைப்புகளில் வயதைப் போடுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இரண்டு சொற்கள்

ஒப்பீட்டு ஆபத்து: ஒரு பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு, மற்றொரு பிரிவினரைவிட எத்தனை மடங்கு என்பது. "80 விழுக்காடு அதிகம்" என்று பத்திரிகையில் வருவது இதுதான்.

நேரடி ஆபத்து: நூறு பேரில், அல்லது ஒரு லட்சம் பேரில், உண்மையில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பது.

மிக அரிதாக நடக்கும் ஒன்று இரு மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் அப்படிப்பட்டது. ஆகவே இந்தப் பொருளில் எந்த எண் கண்ணில் பட்டாலும், அது இவற்றில் எது, எந்த வயதினருக்கானது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

கன்னியாஸ்திரி மடங்களில் பிறந்த கேள்வி

தொழில்சார் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர் என்று போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி, கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை 1713-இல் பதிவு செய்தார். மண வாழ்க்கை இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து. அது ஊகம்தான். கணக்கு போட்டுப் பார்த்தவர் டொமினிகோ ரிகோனி-ஸ்டெர்ன். வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளைப் புரட்டி, 1842-இல் அவர் தந்த முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம், கருப்பைப் புற்றுநோய் குறைவு. மணமான பெண்களிடம் இது தலைகீழ்.

1926-இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபான் என்ற மருத்துவர் நோயுற்ற 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு, பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இந்த நோயோடு தொடர்புடையவை என்று காட்டினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஒரு ஆய்வு முறைக்கே அது முன்னோடி.

திருப்பம் 1970-இல் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மஹோன் குழுவினர் பாஸ்டன், வேல்ஸின் கிளாமோர்கன், ஏதென்ஸ், ஸ்லோவேனியா, சாவோ பாவ்லோ, தைபே, டோக்கியோ என ஏழு இடங்களின் பெண்களை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டனர். எத்தனை குழந்தைகள் என்பதைவிட, முதல் குழந்தை எந்த வயதில் என்பதே முக்கியம் என்றது அவர்கள் ஆய்வு. 18 வயதுக்கு முன் முதல் குழந்தை பெற்றவர்களின் ஆபத்து, 35-க்கு மேல் பெற்றவர்களின் ஆபத்தில் மூன்றில் ஒரு பங்கே. 35-க்கு மேல் முதல் குழந்தை பெற்றவர்களின் ஆபத்து, குழந்தையே பெறாதவர்களைவிடவும் கூடுதல்.

கடைசி வாக்கியத்தை அப்போது பலர் கவனிக்கவில்லை. பிள்ளைப்பேறு வெறும் கவசம் மட்டுமே என்றால், தாமதமாக அணிந்த கவசம் பயன் தராமல் போகலாமே தவிர, கெடுதல் செய்யாது. கெடுதல் செய்கிறது என்றால் அங்கே வேறு ஏதோ ஒன்றும் நடக்கிறது.

மார்பகத்தில் நடப்பது என்ன?

உடலின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் பிறக்கும்போதே தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மார்பகம் அப்படியல்ல. பருவமடையும்போது பால் குழாய்கள் கிளைவிட்டு, அவற்றின் நுனியில் பால் சுரப்பதற்கான சிறு மொட்டுகள் தோன்றுகின்றன. பிறகு அவை காத்திருக்கின்றன. முதல் கர்ப்பத்தில்தான் அந்த மொட்டுகள் பெருகி, முதிர்ந்து, பால் சுரக்கும் திசுவாக மாறுகின்றன. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்தக் குழாய் நுனிகளில்தான் தோன்றுகின்றன.

முதிராத செல், அடிக்கடி பிரியும் செல். பிரியும்போதெல்லாம் மரபணுவில் பிழை நேரலாம். வெளியிலிருந்து வரும் சேதமும் எளிதாகத் தைக்கும். இதற்கு மிகக் கொடிய சான்று ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்து கிடைத்தது. அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பிழைத்த பெண்களில், பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகமாகக் கூடியது 20 வயதுக்கு முன் அதை எதிர்கொண்டவர்களுக்குத்தான். நடுவயதில் எதிர்கொண்டவர்களுக்கு அல்ல. ஆக, பருவமடைவதற்கும் முதல் பிரசவத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் மார்பகத்துக்குப் பலவீனமான காலம்.

இந்தப் பின்னணியில், ஒரு கர்ப்பம் மார்பகத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது.

1. செல்களை முதிர்விக்கிறது. முதிர்ந்த செல்கள் குறைவாகவே பிரிகின்றன, ஹார்மோன்களுக்கு முன்போலத் துள்ளுவதில்லை. இந்த மாற்றத்தின் தடம் பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. நீண்ட காலப் பாதுகாப்பு இதனால்தான் என்று கருதப்படுகிறது.

2. செல்களைப் பெருக்குகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கர்ப்பத்தில் பல மடங்கு உயர்கின்றன. ஏற்கெனவே பிழையான மரபணுவோடு ஒரு செல் அங்கே இருந்தால், அதற்கும் இதே ஊட்டம் கிடைக்கிறது.

3. பாலூட்டல் நின்றபின் திசுவைச் சுருக்குகிறது. தேவையற்றுப்போன பால் செல்கள் பெருமளவில் மடிகின்றன. அவற்றை அப்புறப்படுத்த உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் திரள்கின்றன, திசு புதிதாகக் கட்டப்படுகிறது. காயம் ஆறும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அந்தச் சூழல் மறைந்திருக்கும் புற்றுச் செல்கள் வளரவும் பரவவும் இடம் தருகிறது என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

முதலாவது நன்மை, ஆனால் மெதுவாகப் பலன் தருவது. மற்ற இரண்டும் உடனடிக் கெடுதல், ஆனால் தற்காலிகம். மக்மஹோனின் கடைசி வாக்கியம் இப்போது புரியும்: 35 வயதுக்குள் சேதமுற்ற செல்கள் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம், எனவே இரண்டாவது வேலையின் தீங்கு கூடுகிறது. பலவீனமான காலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டதால் முதல் வேலையின் பயன் குறைகிறது.

ஏறி இறங்கும் காலக்கணக்கு

பிரசவத்துக்குப் பின் ஆபத்து தற்காலிகமாகக் கூடுவதை ஸ்வீடனின் பதிவேடுகளைக் கொண்டு மாட்ஸ் லாம்பே குழுவினர் 1994-இல் தெளிவாகக் காட்டினர். 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. ஒரே பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 15 ஆய்வுகளில் இருந்த சுமார் 8,90,000 பெண்களின் தகவல்களைச் சேர்த்து, 55 வயதுக்கு முன் வந்த நோயைப் பார்த்தது. குழந்தை பெறாதவர்களோடு ஒப்பிடும்போது:

1. பிரசவமாகிச் சுமார் 5 ஆண்டுகளில் ஆபத்து உச்சம் தொடுகிறது: 1.8 மடங்கு.
2. பிறகு படிப்படியாகக் குறைந்து, சுமார் 24 ஆண்டுகளில் இரு பிரிவினரும் சமமாகின்றனர்.
3. 34 ஆண்டுகள் கடந்தபின் 0.77 மடங்கு, அதாவது குழந்தை பெற்றவர்களுக்கு ஆபத்து 23 விழுக்காடு குறைவு.

1.8 மடங்கு என்பது பயமுறுத்தும் எண். நேரடி ஆபத்தாக மாற்றினால் அதன் அளவு தெரியும். 41 முதல் 45 வயது வரையிலான பெண்களில், கடந்த 3 முதல் 7 ஆண்டுகளுக்குள் குழந்தை பெற்றவர்களிடையே, ஒரு லட்சம் பேருக்கு 41 பேர் கூடுதலாக நோயுற்றனர். 50 வயதுவரை கணக்கிட்டால் குழந்தை பெறாதவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும், அப்படி அண்மையில் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. நூறு பேரில் ஒருவர்கூட வித்தியாசமில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டினர். இந்தியப் பெண்களிடையே இந்த நோயின் விகிதம் அங்குள்ளதைவிடக் குறைவு.

மாதவிடாய் நின்றபின்தான் மார்பகப் புற்றுநோய் பெருமளவில் வருகிறது. ஆகவே அந்த வயதில் கிடைக்கும் 23 விழுக்காடு குறைவு, இளம் வயதில் கூடும் 1.8 மடங்கைவிட எண்ணிக்கையில் பெரியது. வாழ்நாள் முழுவதும் வைத்துப் பார்த்தால் தராசு குழந்தை பெற்றவர்கள் பக்கம் சாய்வது இதனால்தான்.

இதே ஆய்வு மூன்று எச்சரிக்கைகளையும் தந்தது. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், முதல் குழந்தையைத் தாமதமாகப் பெற்றவர்களுக்கும், அதிகக் குழந்தைகள் பெற்றவர்களுக்கும் இந்தத் தற்காலிக ஏற்றம் கூடுதலாக இருந்தது.

எல்லா மார்பகப் புற்றுநோயும் ஒன்றல்ல

பிற்காலப் பாதுகாப்பு கிடைப்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உள்ள புற்றுநோய் வகைக்கு எதிராகத்தான். ஏற்பி இல்லாத வகையில், ஏறிய ஆபத்து 55 வயதுக்குள் இறங்கிச் சமமாகவே இல்லை. டிரிபிள் நெகட்டிவ் எனப்படும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், HER2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை இதில் அடங்கும். அது இளம் வயதில் அதிகம் வருவது, வேகமாக வளர்வது. இந்திய நோயாளிகளில் அதன் பங்கு மேற்கத்திய நாடுகளைவிடக் கூடுதல் என்பதால், "பிள்ளை பெற்றாயிற்று, இனி பயமில்லை" என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இன்னும் குறைவு.

பாலூட்டலின் பங்கு

2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கூட்டாய்வு 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்தது. நோயுற்ற பெண்கள் மட்டும் 50,302 பேர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒப்பீட்டு ஆபத்து 7 விழுக்காடும், அதுபோக ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலுக்கும் 4.3 விழுக்காடும் குறைவதாக அது கணக்கிட்டது.

இரண்டு குழந்தைகள் பெற்று, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஆண்டு பாலூட்டிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிரசவம், 36 மாதப் பாலூட்டல். பெருக்கிப் பார்த்தால், குழந்தை பெறாத பெண்ணின் ஆபத்து 100 என்றால் இவருடையது சுமார் 76. இது நீண்ட காலச் சராசரி. முதல் பிரசவ வயது முன்பின்னாகும்போது இந்த எண்ணும் நகரும்.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடத்தப்பட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. நீண்ட காலம் பாலூட்டிய பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நிற்காத வயதில், ஆபத்து குறைவாக இருந்ததை அதுவும் கண்டது. டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு எதிராகப் பிள்ளைப்பேறு காப்பதில்லை, ஆனால் பாலூட்டல் ஓரளவு காக்கிறது என்பதற்கும் சான்றுகள் சேர்ந்துள்ளன. ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் தற்காலிக ஏற்றத்தைப் பாலூட்டல் தடுக்கவில்லை என்று 2019 ஆய்வு சொல்கிறது. பாலூட்டும் தாய் என்பதால் நோய் வராது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

கருச்சிதைவும் கருக்கலைப்பும்

கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பிரச்சாரம் அமெரிக்க அரசியலில் பிறந்து உலகெங்கும் பரவியது. டென்மார்க்கில் 15 லட்சம் பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வு அப்படியொரு தொடர்பு இல்லை என்றது. 16 நாடுகளின் 53 ஆய்வுகளைத் தொகுத்த 2004 லான்செட் கட்டுரையும் அதையே உறுதி செய்தது. இந்தப் பயம் எப்படி வந்தது? நோயுற்ற பெண்களிடம் பின்னோக்கிக் கேட்டால், அவர்கள் மறைக்காமல் சொல்லும் வாய்ப்பு அதிகம். நோயில்லாதவர்கள் சொல்லத் தயங்குவார்கள். வேறுபாடு உடலில் இல்லை, பதிலில் இருந்தது.

சரி, காக்கும் கர்ப்பம் எத்தனை வாரம் நீடிக்க வேண்டும்? 2018-இல் டென்மார்க், நார்வே பதிவேடுகளிலிருந்து வந்த விடை வியப்பானது: 34 வாரம். 33 வாரத்தில் முடிந்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பு இல்லை, 34-இல் இருக்கிறது. குழந்தை இறந்தே பிறந்திருந்தாலும் இது மாறவில்லை. எனவே பாலூட்டல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த ஒரு வாரத்தில் மார்பகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், கர்ப்பமே இல்லாமல் அந்தப் பாதுகாப்பை மருந்தாகத் தர முடியுமா என்பதுதான் ஆய்வாளர்களின் அடுத்த கேள்வி.

ஊர் அளவில் தெரிவதும் ஒரு பெண்ணுக்குப் பொருந்துவதும்

சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1982-இல் தொடங்கப்பட்டது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். அப்போது பெண்களிடையே முதலிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. பின்னர் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏறியது. வெரோனாவின் கன்னியாஸ்திரிகளிடம் ரிகோனி-ஸ்டெர்ன் கண்ட வடிவம் ஒரு பெருநகரத்தில் மெல்லத் தெரிகிறது. தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2020-இல் ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தைகள். குறைந்த பிள்ளைப்பேறும் தாமதமான முதல் பிரசவமும் இந்த மாற்றத்தின் ஒரு பகுதி. நீண்ட ஆயுள், உடல் பருமன், குறைந்த உழைப்பு, கூடுதலான பரிசோதனை ஆகியவையும் சேர்ந்தே எண்ணிக்கையைக் கூட்டுகின்றன.

ஊர் அளவில் தெரியும் இந்தப் போக்கை ஒரு தனிப் பெண்ணின் முடிவுக்கு அளவுகோலாக்க முடியாது. புற்றுநோயைத் தவிர்க்கச் சீக்கிரம் பிள்ளை பெறு என்று எந்த மருத்துவ அமைப்பும் சொல்வதில்லை. மக்மஹோன் கண்ட மிகப் பெரிய பாதுகாப்பு 18 வயதுக்கு முன் பெற்றவர்களுக்கு. அந்த வயதுக் கர்ப்பத்தில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் தீங்குகளுக்கு முன் அந்தப் பாதுகாப்பு ஒன்றுமே இல்லை. கல்யாணத்துக்கு அவசரப்படுத்தும் உறவினர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் இன்னொரு ஆயுதமாகக் கிடைக்க வேண்டியதில்லை.

"பால் கட்டியிருக்கும்" என்று விடக்கூடாதது

இந்த ஆய்வுகளால் உண்மையில் மாற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பாலூட்டும் பெண்ணின் மார்பில் கட்டி தென்பட்டால் வீட்டில் முதலில் வரும் சொல் "பால் கட்டிக்கொண்டது". முட்டைக்கோஸ் இலையை வைப்பார்கள், மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது பால் கட்டுதான். சில நாட்களில் கரைந்துவிடும். கரையாததுதான் கவலை.

கர்ப்ப காலத்தில் மார்பகப் புற்றுநோய் அரிது. சுமார் 3,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் வரும்போது பெரும்பாலும் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. மார்பகம் பெருத்து இறுகியிருப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படுவதில்லை. தட்டுப்பட்டாலும் காரணம் தயாராக இருக்கிறது. குடும்பத்தார் மட்டுமல்ல, சில நேரம் மருத்துவர்களும் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியவை:

1. பாலைக் கறந்தபின்னும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டி.
2. ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காத சிவப்பு, வீக்கம்; ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிகள் விழுந்து தடித்த தோல். அழற்சி வகைப் புற்றுநோய் பால் கட்டுக் காய்ச்சலைப் போலவே தோன்றும்.
3. அக்குளில் கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, புதிதாக உள்ளிழுத்த காம்பு.

இவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதல் சோதனை; கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பாதுகாப்பானது. தேவையானால் மாமோகிராமும் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கலாம், ஊசி மூலம் திசு எடுத்தும் பார்க்கலாம். இதற்காகக் குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

கர்ப்பத்தின்போதும் சிகிச்சைக்குப் பிறகும்

கர்ப்பத்தில் நோய் தெரியவந்தால் கருவைக் கலைப்பது மட்டுமே தாயைக் காப்பாற்றும் என்ற எண்ணம் தவறு. கலைப்பதால் தாயின் ஆயுள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அறுவை சிகிச்சை செய்யலாம். முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின் பல கீமோ மருந்துகளைத் தரலாம். கதிர்வீச்சு, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை, HER2 ஏற்பியைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி ஆகியவை பிரசவம்வரை காத்திருக்க வேண்டும்.

நோயிலிருந்து மீண்ட இளம்பெண்ணிடம், இனி கருத்தரித்தால் நோய் திரும்பும் என்று முன்பு சொல்வார்கள். 2023-இல் வெளியான 'பாசிட்டிவ்' என்ற பன்னாட்டு ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுநோய்க்கு 18 முதல் 30 மாதம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைச் சிகிச்சை பெற்ற, 42 வயதுக்கு மேற்படாத பெண்கள், குழந்தைக்காக அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் மாத்திரையை நிறுத்தினர். மூன்று ஆண்டுகளில் 8.9 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் அது 9.2 விழுக்காடு. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் குழந்தை பெற்றனர்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. அவர்கள் கண்காணிக்கப்பட்டது சராசரியாக மூன்றரை ஆண்டுகள்தான். ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் பத்து ஆண்டு கழித்தும் தலைகாட்டக்கூடியது. ஆகவே குழந்தை பிறந்து பாலூட்டலை முடித்ததும் மாத்திரையைத் தொடர்வதும் அந்தத் திட்டத்தின் பகுதியே. மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்ற இரு தேதிகளையும் கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.